திகதி கடந்த விதையும் நஞ்சும் காசோலையும்

கமக்காரர்களே,

பெரும்போக மழைக்கு முன்னர் மண்வெட்டியையும் கலப்பையையும் சீர்செய்து வைப்பதுபோல, வீட்டில் எஞ்சிக் கிடக்கும் கமப் பொருள்களை எடுத்துப் பார்ப்பதும் நம்மிற் பலரது வழக்கமாகும். முன்னைய போகத்தில் வாங்கி முழுவதும் விதைக்காத மிளகாய் விதைப் பொதி, கால்வாசி மீந்த பூச்சிநாசினிப் போத்தல், கல்லாக இறுகிப்போன யூரியாச் சாக்கு, கணக்குக் கொப்பியினுள் மடித்து வைத்து மறந்த காசோலை என்பன எந்தக் கமக்காரர் வீட்டிலும் அகப்படக்கூடியவை. இவற்றுட் பெரும்பாலானவற்றில் ஒரு திகதி எழுதப்பட்டிருக்கும். அத்திகதி கடந்துவிட்டதெனக் கண்டால் யாது செய்தல் வேண்டும்?

இவ்விடயத்தில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. சிலர் திகதி கடந்த யாவும் குப்பை எனக் கருதி, நன்றாக முளைக்கக்கூடிய விதையையும் எறிந்துவிட்டுப் புதிய விதைக்காகக் கடன்படுகின்றனர். வேறு சிலர், காசு கொடுத்து வாங்கியதை வீணாக்குவதா என எண்ணிப் பழுதடைந்த நஞ்சைப் பயிருக்குத் தெளித்து, பயிரையும் தம் உடல்நலத்தையும் இழக்கின்றனர். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டுப் பின்னர் அத்தடை நீக்கப்பட்டதும், 2022 இல் கமப் பொருள்களின் விலை மிக உயர்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அத்தகைய காலங்களைக் கண்டவர்கள் பழையதைக் கைவிட மனங்கொள்ளாமை இயல்பே. எனினும் எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கைவிட வேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

எல்லாப் பொருள்களிலும் திகதி ஒரே செய்தியைக் கூறுவதில்லை என்பதை முதலில் மனதிற் கொள்ளுங்கள். விதைப் பொதியில் உள்ள திகதி கடந்தால் அவ்விதையைச் சோதித்த பின்னரே விதைக்க வேண்டும். நஞ்சுப் போத்தலில் உள்ள திகதி கடந்தால் அதனைப் பாவித்தலே கூடாது. காசோலையின் திகதி பழையதானால் அத்தாளின் வலு முடிகிறது. உங்களுக்கு வரவேண்டிய பணம் அதனால் அழிவதில்லை. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

திகதியை வாசிக்கும் முறை

ஒரு பொதியில் ஒன்றுக்கு மேற்பட்ட திகதிகள் இருக்கக்கூடும். உற்பத்தி செய்த திகதி, பொதி செய்த திகதி, முளைதிறன் சோதித்த திகதி, பாவனை முடிவுத் திகதி என்பன வெவ்வேறானவை. பொதி செய்த திகதியை முடிவுத் திகதி எனவும், முடிவுத் திகதியை உற்பத்தித் திகதி எனவும் மாறி வாசிப்பவர் பலர். எழுத்து மிகச் சிறிதாயின் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். முடிவுத் திகதியைக் குறிப்பவர், அப்பொருள் உடைக்கப்படாத பொதியில், நிழலும் உலர்வும் உள்ள இடத்தில் இருக்கும் என்று எண்ணியே அதனைக் குறிக்கின்றார். பொதியை உடைத்து அரைவாசியை எடுத்துவிட்டு, எஞ்சியதைத் தகரக் கூரையின் கீழ் ஓராண்டு வைத்திருந்தால், முடிவுத் திகதி வருவதற்கு முன்னரே பொருள் பழுதடையலாம். ஆகவே பொதியை உடைத்த நாளையும் அதன்மேல் எழுதி வைப்பது நல்ல பழக்கமாகும்.

விதை ஏன் முளைதிறனை இழக்கிறது?

விதை உயிருள்ள பொருள். உலர்ந்து கிடக்கும்போதும் அது மிக மெதுவாகச் சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. ஈரமும் வெப்பமும் மிகுமிடத்து அச்சுவாசம் விரைவுறும். விதையினுள் உள்ள உணவு செலவழியும். முளையின் மெல்லிய பாகங்கள் சிதைவுறும். பூஞ்சணமும் வண்டும் வந்து சேரும். விதையின் ஆயுளைக் கூட்டுவதும் குறைப்பதும் ஈரமும் வெப்பமுமே ஆகும்.

இதற்கு விதை ஆராய்ச்சியாளரான ஹரிங்டன் என்பவர் ஓர் எளிய கணக்குச் சொன்னார். விதையின் ஈரம் நூற்றுக்கு ஒன்று குறையும்தோறும் அதன் ஆயுள் இருமடங்காகும் என்பதும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை செல்சியசு குறையும்தோறும் ஆயுள் மேலும் இருமடங்காகும் என்பதும் அவர் கணக்கு. ஈரம் நூற்றுக்கு 5 முதல் 14 வரையுள்ள விதைகளுக்கு இது பொருந்தும். நூற்றுக்கு 14 பங்கு ஈரமுள்ள விதையை 12 பங்காக உலர்த்தினால் அது முன்னையதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் உயிரோடிருக்கும் என்பது இதன் பொருள். ஒருநாள் வெயிலில் நன்றாக உலர்த்துவதன் பயன் எத்தகையது என்பதை இதிலிருந்து அறியலாம்.

நமது குளங்களில் பூக்கும் தாமரையின் வித்து இதற்கு ஓர் எல்லைச் சான்று. வடகிழக்குச் சீனத்தில் வற்றிப்போன ஏரி ஒன்றின் மண்ணிலிருந்து எடுத்த தாமரை வித்து ஒன்று ஏறக்குறைய 1,300 ஆண்டுகள் பழமையானதாக இருந்தும் முளைத்தது என 1995 இல் அறிஞர் அறிவித்தனர். அதன் கடினமான ஓடும் அது கிடந்த மண்ணும் அதனைக் காத்தன. மறுபுறத்தில், வெங்காய விதை கவனமின்றி வைக்கப்பட்டால் ஓராண்டினுள்ளேயே பயனற்றுப் போகும். கன்னொறுவையில் உள்ள தாவர மரபுவள நிலையத்தில் நமது பழைய நெல்லினங்களின் விதைகளும் ஏனைய பயிர்களின் விதைகளும் உலர்த்தப்பட்டுக் குளிரறைகளில் வைக்கப்பட்டிருப்பதும் இக்காரணம் பற்றியே.

எல்லா விதைகளும் ஒரே அளவான ஆயுள் உடையன அல்ல. வெங்காயம், லீக்ஸ், நிலக்கடலை, சோயா அவரை ஆகியவற்றின் விதைகள் குறுகிய ஆயுளுடையன. இவற்றை அடுத்த ஆண்டுக்கு நம்பி வைக்கலாகாது. மிளகாய், வெண்டி, கரட் என்பன நடுத்தரமானவை. தக்காளி, கத்தரி, பூசணி, வெள்ளரி என்பன உலர்வாக வைத்தால் சில ஆண்டுகள் முளைக்கும். நெல் விதையை நன்கு உலர்த்தி வைத்தால் அடுத்த ஆண்டு அதே போகத்துக்கு உதவும். ஆயினும் எந்த விதையானாலும் திகதி கடந்திருப்பின் சோதனை செய்யாமல் விதைத்தல் கூடாது.

முளைதிறனைச் சோதிக்கும் முறை

இச்சோதனைக்குக் காசு செலவில்லை. ஒரு துண்டுத் துணியும் ஒரு தட்டும் போதும். விதைப்புக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு முன்னரே செய்துவிடுங்கள். விதை பழுதெனக் கண்டால் வேறு விதை தேட அப்போதுதான் அவகாசம் இருக்கும்.

1. விதையை நன்றாகக் கலந்து, சாக்காயின் மேல், நடு, அடி ஆகிய மூன்றிடங்களிலும் சிறிது எடுத்து ஒன்றாகச் சேர்க்கவும். அதிலிருந்து 100 விதைகளை எண்ணி எடுக்கவும். நல்ல விதைகளைத் தெரிந்தெடுத்தல் கூடாது. கையில் வந்தவற்றையே எண்ணவேண்டும். விலையுயர்ந்த காய்கறி விதையாயின் 50 விதைகளை எடுத்து, முளைத்த தொகையை இரட்டிக்கலாம்.

2. நன்றாகக் கழுவிய பருத்தித் துணியை நல்ல நீரில் நனைத்து, நீர் சொட்டாதவாறு பிழிந்து விரிக்கவும். அதன்மேல் வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசையில் விதைகளை ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பவும்.

3. துணியைப் பாய்போல் மெதுவாகச் சுருட்டித் தட்டில் வைத்து மூடி, நிழலான இடத்தில் வைக்கவும். துணி காயாதபடி நாள்தோறும் சிறிது நீர் தெளிக்கவும். துணி நீரில் ஊறிக் கிடந்தால் விதை மூச்சின்றி அழுகும்.

4. பயறு 7 நாளிலும், பயற்றை 8 நாளிலும், சோளம் 7 நாளிலும், நிலக்கடலை 10 நாளிலும், வெங்காயம் 12 நாளிலும், நெல், மிளகாய், கத்தரி, தக்காளி, கரட் என்பன 14 நாளிலும், வெண்டி 21 நாளிலும் இறுதியாக எண்ணப்படும். நல்ல விதையில் பெரும்பகுதி இந்நாள்களுக்கு முன்னரே முளைத்துவிடும்.

5. வேரும் தண்டும் இரண்டும் பழுதின்றி வளர்ந்தவற்றை மாத்திரம் எண்ணவும். வேரில்லாதவை, சுருண்டவை, நிறம் மாறியவை, பூஞ்சணம் பிடித்தவை ஆகியவற்றை முளைத்தனவாகக் கொள்ளலாகாது. அவை வயலில் பயிராகமாட்டா.

நெல்லைப் பொறுத்தவரை ஒரு விலக்கு உண்டு. புதிதாக அறுத்த நெல் சில வாரங்களுக்கு உறங்குநிலையில் இருப்பதால் உயிருள்ளதாயினும் முளைக்காது. அதனைப் பழுதென எண்ணிவிடாது, சில வாரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

கணக்கிட்டு விதைத்தல்

நூற்றுக்கு 85 அல்லது அதற்கு மேல் முளைத்தால், திகதி கடந்திருப்பினும் அதனை வழமையான அளவில் விதைக்கலாம். 60 க்கும் 85 க்கும் இடையே முளைத்தால் விதையின் அளவைக் கூட்டவேண்டும். அதற்கான கணக்கு எளிது. வழமையான அளவை 85 ஆற் பெருக்கி, உங்கள் சோதனையில் முளைத்த தொகையால் வகுக்க வேண்டும். ஏக்கருக்கு 2 புசல் நெல் விதைப்பவர் ஒருவரது விதை நூற்றுக்கு 68 முளைத்ததெனக் கொள்வோம். 2 ஐ 85 ஆற் பெருக்கினால் 170; அதனை 68 ஆல் வகுத்தால் இரண்டரை. ஆகவே அவர் ஏக்கருக்கு இரண்டரைப் புசல் விதைத்தல் வேண்டும். அரைப் புசல் விதையே இங்கு மிகையாகும் செலவு. புதிய விதையை வாங்கும் செலவோடு இதனை ஒப்பிட்டு எது இலாபமெனத் தீர்மானிக்கலாம். காய்கறி விதையாயின் நாற்றுமேடையில் சிறிது நெருக்கமாகத் தூவுங்கள். குழியில் நேரே இடும் விதையாயின் குழிக்கு ஒன்று கூடுதலாக இடுங்கள்.

நூற்றுக்கு 60 க்கும் குறைவாக முளைக்கும் விதையை எவ்வளவு கூட்டியும் விதைத்தல் கூடாது. பாதி விதை இறந்திருக்கும்போது, மீதி விதையும் வலுவிழந்தே இருக்கும். நனைத்த துணியில் முளைத்தவை, சேற்றிலும் பெருமழையிலும் எழும்பும் ஆற்றல் அற்றிருக்கும். முளைப்பவையும் ஒரே நாளில் முளைக்காது முன்பின்னாக முளைத்து, ஒரே வயலில் பல வயதுப் பயிர் நிற்கும். களை இடையிலே புகுந்துவிடும். வயலிற் பயிர் எழும்பவில்லை என்பதை நீங்கள் அறியும்போது இரண்டு வாரம் கழிந்திருக்கும். மறுபடி உழுது விதைப்பதற்கு மழை காத்திருப்பதில்லை. விதையின் விலை சிறிது; இழந்த போகத்தின் விலை பெரிது.

கைவிட்ட விதையை என் செய்வது?

மருந்து பூசாத நெல்லையும் பயறையும் பூஞ்சணமின்றி இருந்தால் உணவுக்கோ கால்நடைத் தீனுக்கோ பயன்படுத்தலாம். ஆனால் சிவப்பு, நீலம் போன்ற சாயமிட்டு வரும் விதை நஞ்சு பூசிய விதையாகும். திகதி கடந்தது என்பதற்காக அதனைக் கழுவி உண்பதோ கோழிக்குப் போடுவதோ பெருங்கேடு.

இது வெறும் அச்சுறுத்தலன்று. 1971 ஆம் ஆண்டின் இறுதியில் ஈராக் நாட்டுக் கமக்காரருக்கு இரசம் கலந்த பூஞ்சணநாசினி பூசப்பட்ட கோதுமை, வாற்கோதுமை விதைகள் பங்கிடப்பட்டன. அவை பல இடங்களுக்கு விதைப்புக் காலம் கடந்தே வந்து சேர்ந்தன. சாக்குகளின் எச்சரிக்கை அம்மக்கள் அறியாத மொழிகளில் இருந்தது. கழுவினால் சாயம் போய்விடும். சாயத்தோடு நஞ்சும் போயிற்று என நம்பி, அவற்றை அரைத்து ரொட்டி சுட்டு உண்டனர். சாயம் போயிற்று, நஞ்சு போகவில்லை. 6,530 பேர் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 459 பேர் மாண்டனர். பருவம் தவறிய விதை வீணாகக் கூடாதென்ற நல்ல எண்ணமே அவர்களுக்கு எமனாயிற்று. இத்தகைய விதையை உணவுப் பொருள்களோடு ஒரே அறையிலும் வைக்காதீர்கள்.

திகதி கடந்த நஞ்சு

பீடைநாசினிகளின் நிலை விதையினின்றும் முற்றும் வேறானது. விதையை வீட்டிலே சோதிக்கலாம். போத்தலில் உள்ள நஞ்சு இன்னும் என்ன வலுவில் உள்ளது, வேறெதுவாக மாறியுள்ளது என்பதை ஆய்வுகூடத்திலன்றி அறியமுடியாது. நீரில் ஊற்றும்போது பால்போற் கலக்காமல் எண்ணெய் தனியே மிதந்தால், அல்லது அடியில் கசடு கட்டினால் அது பழுதென்று கூறலாம். ஆனால் நன்றாகக் கலக்கிறது என்பதால் அது நல்லதென்று கூறமுடியாது. கண்ணுக்குத் தெரியும் கலவை வேறு, கண்ணுக்குத் தெரியாத இரசாயனம் வேறு.

திகதி கடந்த நஞ்சினால் மூவகைக் கேடு உண்டு. முதலாவது, வலுக்குறைந்த நஞ்சு பீடையைக் கொல்லாது. மெலிந்த பூச்சிகள் இறக்க, தாங்கும் ஆற்றலுடையவை மிஞ்சிப் பெருகும். அடுத்த முறை நல்ல நஞ்சுக்கும் அவை அடங்கா. இரண்டாவது, பிரிந்த கலவை இலைகளைக் கருக்கும். மூன்றாவது கேடே மிகக் கொடியது. சில நஞ்சுகள் பழையதாகும்போது வலுக்குறையாமல், மனிதருக்கு முன்னையிலும் கொடியனவாக மாறுகின்றன.

1976 ஆம் ஆண்டில் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக வீடுகளுக்கு மலத்தியன் தூளைக் கரைத்துத் தெளித்த சுமார் 7,500 தொழிலாளருள் ஏறக்குறைய 2,800 பேர் நஞ்சேறிப் பாதிக்கப்பட்டனர், ஐவர் இறந்தனர். மலத்தியன் மனிதருக்கு ஓரளவு தீங்கு குறைந்தது என்று கருதப்பட்ட மருந்து. ஆராய்ந்தபோது அத்தூளில் ஐசோமலத்தியன் என்னும் மாறுபட்ட பொருள் காணப்பட்டது. வெப்பத்திலே சேமிக்கப்படும் மலத்தியனில் இப்பொருள் உண்டாகிறது. நமது உடல் மலத்தியனை முறிக்கும் ஆற்றலை இது தடுத்துவிடுவதால், சாதாரண அளவு நஞ்சே கொல்லும் நஞ்சாகிறது. பூஞ்சணநாசினியான மங்கோசெப் என்பதும் ஈரத்திலும் வெப்பத்திலும் சிதைந்து, உடலுக்குத் தீங்கான வேறொரு பொருளாக மாறும் தன்மையுடையது. வெயிலில் காயும் தகரக் கொட்டிலில் இரண்டு மூன்று ஆண்டு கிடந்த போத்தலை எடுக்கும்போது இதனை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே திகதி கடந்த நஞ்சைத் தெளிக்காதீர்கள். அளவைக் கூட்டித் தெளித்தால் சரியாகிவிடும் எனவும் எண்ணாதீர்கள். புதியதோடு கலந்தும் பாவிக்காதீர்கள். தெளித்தபின் தலையிடி, வாந்தி, மிகுந்த வியர்வை, வாயில் நீரூறல், கண் மங்கல் என்பன கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். போத்தலின் விபரச்சீட்டையும் கொண்டுசெல்லுங்கள்.

பழைய போத்தல்களுள் இன்று நாட்டில் தடைசெய்யப்பட்டவையும் இருக்கக்கூடும். மொனோகுரோட்டபொஸ் 1995 இலும் எண்டோசல்பான் 1998 இலும் தடைசெய்யப்பட்டன. பின்னர் பரகுவாற்றும் விலக்கப்பட்டது. 1995 ஐ அடுத்த பத்தாண்டுகளில் நமது நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கொடிய நஞ்சுகள் கைக்கெட்டாமற் போனமை அதற்கு ஒரு முக்கிய காரணமென ஆராய்ந்தோர் கூறுகின்றனர். மறந்து கிடக்கும் ஒரு போத்தல், தவழும் குழந்தைக்கும், மனமுடைந்த ஒருவரது ஒரு கணத்துக்கும் எட்டும் தூரத்தில் இருக்கலாகாது. இது பயிர்ப் பாதுகாப்பிலும் பெரிய காரியம்.

நஞ்சைக் கைவிடும் முறை

கிணற்றருகிலோ வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள். நீங்களாகவே புதைக்கவோ எரிக்கவோ வேண்டாம். எரிக்கும் புகையும் நஞ்சே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தின் கீழுள்ளது சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளினூடாக நிலத்தில் ஊற்றியது விரைவில் நிலத்தடி நீரைச் சேரும். நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்நீரே. உங்கள் வளவில் ஊற்றியதை அயல்வீட்டார் கிணற்றில் அள்ளக்கூடும்.

திகதி கடந்த நஞ்சை அதன் சொந்தப் போத்தலிலேயே இறுக மூடி, நிமிர்த்தி வைத்து, ‘பாவிக்கக் கூடாது’ எனப் பெரிதாக எழுதி, பூட்டிய பெட்டியில் வேறாக வையுங்கள். சோடாப் போத்தலிலோ உணவு டப்பாவிலோ மாற்றி ஊற்றாதீர்கள். பின்னர் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் தெரிவித்து, அவர் கூறும்படி ஒப்படையுங்கள். உடைக்காத போத்தலாயின் திகதி முடிவதற்கு முன்னரே, வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா எனக் கேளுங்கள். நஞ்சு முடிந்த வெறும் போத்தலை மும்முறை நீரால் அலசி, அந்நீரைத் தெளிகருவியினுள்ளேயே ஊற்றிவிட்டு, போத்தலைத் துளையிட்டு வையுங்கள். தண்ணீர் எடுக்க அது உதவக்கூடாது.

உயிருள்ள கலவைகளும் தடுப்பு மருந்தும்

சோயாவுக்கும் பயறுக்கும் இடும் வேர்முடிச்சுப் பற்றீரியக் கலவை, திறைக்கோடேர்மா என்னும் நல்ல பூஞ்சணம் ஆகியன உயிரினங்கள். திகதி கடந்தால் இவை இறந்துவிடும். இட்டாலும் தீங்கில்லை, பயனுமில்லை. பயனில்லாததை இட்டுவிட்டுப் பயன் வருமென்று காத்திருப்பதே இங்கு நட்டமாகும்.

கோழிகளுக்கு இராணிக்கெற் நோய்க்காக இடும் தடுப்பு மருந்தும் அத்தன்மையதே. குளிரில் வைக்காத மருந்தும், திகதி கடந்த மருந்தும் கோழிகளைக் காப்பதில்லை. தடுப்பு இட்டாயிற்று என்ற நம்பிக்கை மாத்திரம் மிஞ்சும். நோய் வரும்போது கூடு முழுவதும் வெறுமையாகும். இத்தகையவற்றைப் பாவிக்காது கைவிடுக.

இறுகிய பசளை

யூரியா, முச்சுப்பர் பொசுபேற்று, மியூறியேற்றுப் பொட்டாசு ஆகியவை உயிருள்ளவை அல்ல. உலர்வாக இருக்கும்வரை அவற்றின் போசணைச் சத்துக் காலத்தால் அழிவதில்லை. கல்லாக இறுகிய யூரியா ஈரத்தை உறிஞ்சி ஒட்டியதேயன்றிச் சத்தற்றுப் போனதன்று. மரக்கட்டையால் தட்டி உடைத்து, பெரிய கட்டிகளின்றிச் சலித்து இடலாம். கட்டியாக இட்டால் ஓரிடத்திற் பயிர் கருகும். மற்றோரிடத்திற் பயிர் வெளிறும். சாக்குக் கிழிந்து நீர் பட்டு ஒழுகியிருந்தால், கரைந்து போனது போனதே. எஞ்சியதை நிறுத்துப் பார்த்து அளவிடுங்கள். யூரியாவை முச்சுப்பர் பொசுபேற்றுடன் கலந்து வைத்தால் கலவை கசிந்து சேறாகும். ஆதலால் இடும் நாளிலேயே கலந்து அன்றே இட்டுவிடுக.

காசோலையும் ஏனைய சீட்டுகளும்

விளைவை விற்ற பணத்துக்குக் காசோலை பெறுவோர் பலர். நமது நாட்டு வங்கிகளின் வழக்கப்படி, காசோலையில் எழுதிய திகதியிலிருந்து ஆறு மாதம் கடந்தால் அது பழைய காசோலையாகி, வங்கி அதனைத் திருப்பிவிடும். மார்கழி, தை மாதங்களில் அறுவடை வேலை மிகுதியினால் மடித்து வைத்த காசோலை அடுத்த பெரும்போகத்தில் கண்ணிற் படுமாயின் அது முடிந்த காசோலையாகும்.

அப்போது மனந்தளர வேண்டாம். காசோலை பழையதானமையால் மாத்திரம் கடன் தீர்ந்துவிடுவதில்லை. காசோலையைத் தந்தவரிடம் உடனே சென்று, பழையதைக் காட்டி, புதியதொன்றைப் பெறுங்கள். புதியது கைக்கு வந்தபின்னரே பழையதைக் கொடுங்கள். நீங்களாகத் திகதியைத் திருத்துவது பெருந்தவறு. தந்தவரின் சம்மதமின்றித் திகதியை மாற்றினால் அக்காசோலை செல்லாததாகும். உங்கள்மேல் குற்றமும் சாரக்கூடும். தாமதிக்கவும் வேண்டாம். வியாபாரி இடம்பெயரலாம், கணக்கை மூடலாம். கடனை வழக்கிட்டுக் கேட்பதற்கும் சட்டம் கால எல்லை வைத்துள்ளது. காசோலை கிடைத்த வாரத்திலேயே வங்கியில் இடுவதே நன்று.

வங்கியின் பண அட்டையிலும் முடிவு மாதம் உண்டு. அது கடந்தால் அட்டை வேலை செய்யாது. கணக்கிலுள்ள பணம் அப்படியே இருக்கும். அடையாள அட்டையோடு வங்கிக்குச் சென்று புதிய அட்டை பெறலாம்.

ஆனால் எல்லாச் சீட்டுகளும் இவ்வாறானவை அல்ல. பசளை மானியத்துக்கென உறுதிச்சீட்டு வழங்கப்படுங்காலத்தில், அதிற் குறித்த நாள் கடந்தால் அவ்வுதவியையே இழக்க நேரும். பயிர்க் காப்புறுதியின் காலம் முடிந்த மறுநாள் வெள்ளம் வந்தாலும் இழப்பீடு கிடையாது. இத்தகைய சீட்டுகளின் திகதியை நாட்காட்டியில் முன்னரே குறித்து வைத்தல் அவசியம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

விதையோ நஞ்சோ வாங்கும்போது கடையிலேயே திகதியை வாசியுங்கள். திகதி சுரண்டப்பட்ட பொதியையும், ஒரு திகதியின்மேல் மற்றொன்று ஒட்டிய பொதியையும் வாங்காதீர்கள். விலையைக் குறைத்துத் தருகிறார்களெனில் காரணத்தைக் கேளுங்கள். தேவையான அளவுக்கே வாங்குங்கள். பெரிய போத்தல் மலிவெனத் தோன்றினும், பாதி மீந்து பழுதானால் அது மலிவன்று. பற்றுச்சீட்டைப் பெற்று, வெறும் பொதியோடு அறுவடை வரை வைத்திருங்கள். விதை முளைக்கவில்லையென முறையிட நேர்ந்தால் இவ்விரண்டுமே சாட்சி. திகதி கடந்த பொருளை விற்பவரைப் பற்றிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம்.

விதையை வீட்டில் வைப்பவர், நன்கு உலர்த்தி ஆறவைத்து, காற்றுப் புகாத போத்தலிலோ மூடியுள்ள தகரத்திலோ இட்டு, பயிரின் பெயர், இனம், அறுத்த மாதம் ஆகியவற்றை எழுதி, அடுப்பும் வெயிலும் படாத இடத்தில் வைக்கவேண்டும். பழையதை முன்னும் புதியதைப் பின்னும் வைத்து, பழையதை முதலில் எடுத்தல் முறை.

முடிவாக

ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு மாதம் முன்னதாக ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். பெட்டியையும் கொப்பியையும் திறந்து, திகதி கடந்தவற்றை வேறாக்குங்கள். விதையாயின் சோதியுங்கள், பசளையாயின் உடைத்துப் பாவியுங்கள், நஞ்சாயின் பூட்டி வைத்து ஒப்படையுங்கள், காசோலையாயின் தந்தவரிடம் கொண்டுசெல்லுங்கள். அரைநாள் வேலையால் ஒரு போகத்தின் விளைவும் ஒரு குடும்பத்தின் நலமும் காக்கப்படும்.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தமது பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்து ஆலோசனை பெறுவார்களாக. சோதித்த விதைத் துணியையும் உடன் கொண்டுசெல்லலாம். அவர் மகிழ்வோடு எண்ணிப் பார்த்துக் கூறுவார்.